பார்க்கக்கூடாத கோப்பு

மெக்சிகோ நகரப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்தில் எரெந்திரா வைத்ததுதான் சட்டம். அவள் வைத்த சட்டமும் ஒன்றே ஒன்றுதான்: கம்பெனி எழுதிய நிரலைப் பார்த்தவன் நம் நிரலைத் தொடக்கூடாது.

லினக்ஸ் கணினிக்கு அப்போது புதிதாக ஒரு திரை வந்திருந்தது. ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திரையைத் தாங்கி நிற்கும் அஸ்திவார நிரல் மட்டும் எங்கோ வடக்கே ஒரு கம்பெனியின் சொத்து. படித்துப் பார்க்கலாம், மாற்றி ஊருக்குக் கொடுக்கக்கூடாது. நாளைக்கே அவர்கள் மனம் மாறினால் எல்லோரும் நடுத்தெருவில். அதனால் அதே வேலையைச் செய்யும் இன்னோர் அஸ்திவாரத்தை எல்லோருக்கும் பொதுவாக எழுதிக்கொண்டிருந்தார்கள் எரெந்திராவும் அவள் கூட்டாளி ஃபிதென்சியோவும். கூலி கிடையாது. ஒரு வரி திருடியதாகக் கம்பெனி நிரூபித்துவிட்டால் அத்தனை உழைப்பும் குப்பைதான்.

யார் எதை எழுதிக் கொண்டுவந்தாலும் அவள் முதலில் கேட்பது, "பாத்தியா?" "பாக்கல" என்று சொன்ன பிறகுதான் வாங்குவாள்.

தலையில் குறியிட்ட ஸ்பானிய எழுத்தைத் தட்டினால், அவர்கள் எழுதிய நிரலின் எழுத்துப்பெட்டி அதைத் திரையில் காட்டாமல் விழுங்கிவிடும். இருவரும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒருநாள் காலை, ரொட்டிக்குள் தமால் என்னும் சோளமாவுக் கொழுக்கட்டையை வைத்து மென்றபடியே வந்தான் ஃபிதென்சியோ. பிழையைச் சரிசெய்துவிட்டிருந்தான். எரெந்திராவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் வழக்கத்தை விடுவாளா?

"பாத்தியா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "பாத்தேன். அந்த ஒரு ஃபைல மட்டும். ஆனா அதுல ஒண்ணுமே இல்ல எரெந்திரா. சத்தியமா இது என் மண்டையில இருந்து வந்தது."

"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குடா பாத்த?"

"பாத்தாதானே இல்லைன்னு தெரியும்! நம்பலன்னா நீயே பாரேன்."

"நான் பாத்தா நானும் வெளிய போகணும். நல்ல யோசனைதான்."

"பொய் சொல்லியிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது. உண்மையச் சொன்னதுக்கா இந்த மரியாதை?"

"சட்டத்துக்கு உன்னத் தெரியாது."

"சட்டத்துக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது?"

அவன் இல்லாத கூடத்தை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதை ஒருநாளும் அவனிடம் சொன்னதுமில்லை. அன்றும் சொல்லவில்லை. அவன் எழுதியதையெல்லாம், அந்தக் கோப்பைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதியதையும் சேர்த்து, அழித்தாள். "உன்கிட்டயும் நகல் இருக்கக்கூடாது" என்றாள். அவன் தன் காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் எழுதியிருந்த பாதியை அவளே மறுபடி எழுதினாள். பெட்டி இன்னமும் அவ்வப்போது எழுத்தை விழுங்கியது. போகட்டும், கையாவது சுத்தமாக இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிடிவாதக்காரிகளுக்குத் தேற்றிக்கொள்ளவா தெரியாது?

அடுத்த ஆண்டு செப்டம்பரில் கம்பெனியே அறிவித்தது: அஸ்திவாரம் இனி எல்லோருக்கும் பொது, யாரும் மாற்றலாம், யாருக்கும் கொடுக்கலாம். கூடமே துள்ளியது. "ஜெயிச்சிட்டோம் எரெந்திரா!" என்று மாணவர்கள் கேக் வாங்கி வந்தார்கள். ஜெயித்தது உண்மைதான். அவள் எழுதியது இனி ஒருவருக்கும் வேண்டாம் என்பதும் உண்மைதான்.

இனிமேல் பார்ப்பதற்குத் தடையில்லை. முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திறந்தாள். குறியிட்ட எழுத்துக்கான இடத்தில் நிரலே இல்லை. கம்பெனியில் அதை எழுதியவன் ஒரு குறிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தான்: "யாராவது புகார் செய்தால் பார்த்துக்கொள்ளலாம்."

ஃபிதென்சியோ இப்போது ஒரு வங்கியில் வேலை செய்தான். அங்கே போன் போட்டுக் கூப்பிட்டாள்.

"பாத்தேன்" என்றாள்.

"எத?"

"அந்த ஃபைல. ஒண்ணுமே இல்ல."

"அதத்தான் அன்னைக்கே சொன்னேன்."

"தப்பு என்னோடதுதான். உன் திருத்தத்தக் குடுடா. கம்பெனிக்காரங்ககிட்டயே அது இன்னும் இல்ல. உன் பேர்லயே அனுப்புவோம்."

"எங்கிட்ட ஏது? நகல் இருக்கக்கூடாதுன்னு சொன்னியே."

"நெசமாவே அழிச்சிட்டியா? ஒண்ணுகூடவா வெச்சுக்கல?"

"நான் பொய் சொல்றவன்னு நீதான நெனச்ச. நான் அப்படி இல்லையே. அழிக்கச் சொன்ன, அழிச்சேன்."

"மறுபடி எழுதேன்."

"யாருக்காக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை வைத்தான்.

முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் அவளைக் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.