பக்கத்து சீட்டுக்கு வாடகை

உலகத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே, ஓடுகிற வண்டியில் ஒரு குடும்பத்தைப் பிரிக்காமல் உட்கார வைக்கத் தெரிந்தவர் என் அப்பா ஒருவர்தான். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. அப்பாவே சொல்லியிருக்கிறார்.

அப்பா பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் அந்தச் செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால்கூட, "உள்ள தள்ளி உட்காருங்க, அந்தப் பக்கம் காலியா கிடக்கு பாருங்க" என்பார். சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு விசில் என்று பெயர். பஸ்ஸில் தாய் ஒரு மூலை, பிள்ளை ஒரு மூலை என்று இருந்தால் அவருக்கு ஆகவே ஆகாது. "சார், நீங்க ஒண்டிக்கட்டை, உங்களுக்கு எங்க உட்கார்ந்தா என்ன? அப்படிப் பின்னாடி வாங்க. அம்மா, நீங்க இங்க. பாப்பா, உனக்கு ஜன்னல். ரைட்!" என்று மொத்த பஸ்ஸையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து அடுக்கிவிடுவார். எழுந்தவர்கள் திட்டிக்கொண்டேதான் எழுந்தார்கள். ஆனாலும் எழுந்தார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு விமான கம்பெனி, சேர்ந்து உட்கார வேண்டுமானால் தனிக் கட்டணம் என்று சொன்னது.

நாங்கள் விமானம் ஏறக் காரணம் அம்மா. அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. முதலில் சாவி வைத்த இடம் போனது, பிறகு அடுப்பை அணைப்பது போனது, அதன்பிறகு நான் போனேன். சில நாட்களில் என்னை டிவி ரிப்பேர் பார்க்க வந்த பையன் என்று நினைத்துக்கொள்வாள். "இவ்வளவு நாளா வர்றியே தம்பி, இன்னும் படம் தெரியலையே" என்று கேட்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருந்தது, படம் தெரியவில்லைதான்.

அப்பா மட்டும் மிச்சம் இருந்தார். எங்கே போனாலும் அவருடைய சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டே போவாள். எங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அதை மட்டும் விட்டுடாதீங்க. புது இடத்துல அவங்க கண்ணுக்கு எட்டுற தூரத்துலயே இருங்க. ஒரு தடவை விட்டுப்போன முகம் திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அக்கா இருக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு முறை காட்டிவிடலாம் என்று முடிவானது.

டிக்கெட் போடும்போது, செல்போனில் கட்டம் கட்டமாக இருந்த சீட் படத்தை அப்பாவுக்குக் காட்டினேன்.

"இந்த மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்குப்பா. ஆனா எக்ஸ்ட்ரா ஆகும்."

"எதுக்கு எக்ஸ்ட்ரா? குஷன் வச்சுத் தர்றானா?"

"சேர்ந்து உட்கார்றதுக்கு."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பொதுக்கூட்டம் தொடங்குகிறது என்று பொருள்.

"ஏண்டா, நான் தாலி கட்டினவ பக்கத்துல உட்கார நான் எவனுக்கோ வாடகை கட்டணுமா? உங்க மாமன் கட்டுவான். போன தடவை கட்டினான். பொண்டாட்டி பக்கத்துல உட்கார வாடகை கட்டுற ஆம்பளையும் ஒரு ஆம்பளையாடா?"

அம்மாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. தன் தம்பியைக் கேலி செய்கிறார்கள் என்பது மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது. அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்ததால், அப்பா அதை இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

"டாக்டர் சொன்னாரேப்பா" என்றேன்.

"ஏறினதும் மாத்திக்கலாம். நான் எத்தனை வண்டி பார்த்திருக்கேன்? அதுக்கு றெக்கை இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். நீ மட்டும் அந்தக் கட்டத்தைத் தொட்டே, கையை முறிச்சிடுவேன்."

தொடவில்லை. விமான கம்பெனி எங்களைக் கைப்பிடி அரிசி மாதிரி வாரி இறைத்தது. அப்பா முன்பக்கம், அம்மா நடுப்பக்கம், எனக்குக் கழிவறைக்கு முந்தின வரிசை. அந்த சீட்டைக் காட்டி யாரிடமும் பேரம் பேச முடியாது.

அம்மாவுக்கு மூன்று பேர் வரிசையில் நடு சீட். அப்பா அங்கே போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓரத்தில் இருந்தவரிடம் ஆரம்பித்தார். "சார், நீங்க ஒண்டிக்கட்டை மாதிரி தெரியுது. முன்னாடி எனக்கு அருமையான சீட்டு..."

அவர் போர்வையை விலக்கிக் காட்டினார். முழங்காலில் கட்டு, கால் நடைபாதைப் பக்கம் நீண்டிருந்தது. "காலை மடக்க முடியாது சார். இதுக்காகவே பணம் கட்டி எடுத்தேன்."

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண், மடியில் அப்போதுதான் தூங்கிய கைக்குழந்தை. அவளைப் பார்த்து அப்பா வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். குழந்தையை எழுப்பிக் குடும்பம் சேர்த்த அனுபவம் அவருக்கு இல்லை.

"சார், உங்க சீட்டுக்குப் போங்க, கிளம்பப் போறோம்" என்றாள் ஏர்ஹோஸ்டஸ்.

"நானும் ஸ்டாஃப்தாம்மா" என்றார் அப்பா.

அவள் மரியாதையாகத்தான் சிரித்தாள். அப்பா சட்டைக் கையிலிருந்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "இங்கதாம்மா முன்னாடி இருக்கேன். திரும்பிப் பார்த்தா தெரிவேன்." உட்கார்ந்த பிறகு அவர் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். நடுவில் அத்தனை வரிசை சீட்டு முதுகுகள். அவர் வழுக்கையின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. அதை வைத்துக் கணவன் என்று கண்டுபிடிக்க, ஞாபகசக்தி உள்ளவர்களுக்கே சிரமம்.

பெல்ட் விளக்கு அணைந்ததும் அப்பா ஓடினார். நானும் போனேன். அம்மா குழந்தைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் இப்போது அமைதியாக இருந்தாள். அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போர்டிங் பாஸை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க சார், டிக்கெட் எடுத்திருக்கேன். என் வீட்டுக்காரர் முன்னாடி எங்கயோ இருக்கார். ஏதாவதுன்னா அவரைக் கேளுங்க, எல்லாம் அவர்தான் பார்த்துப்பார்."

விளையாடுகிறாள் என்று நினைத்து அப்பா சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அந்த போர்டிங் பாஸை வாங்கினார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், கிழிக்க வேண்டிய ஓரத்தை விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியா இருக்கும்மா. உட்காருங்க."

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அம்மாவின் ஸ்கேன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார், எந்த அளவிலும் நல்ல செய்தி இல்லை. அக்கா வீட்டில் இருந்த நாளெல்லாம் அம்மா அப்பாவை ரொம்ப மரியாதையாக நடத்தினாள். "அந்த சாருக்கு முதல்ல சாப்பாடு போடு, வெளியூர்க்காரர்" என்று அக்காவிடம் கிசுகிசுப்பாள். அப்பா "போதும்மா, போதும்மா" என்று விருந்தாளி மாதிரி கூச்சத்தோடு சாப்பிட்டார். யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

திரும்பும்போது விமான நிலைய கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "மூணு பேருக்கும் வேற வேற இடம் விழுந்திருக்கு. சேர்ந்து வேணும்னா கூடுதல் கட்டணம் சார்" என்றாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். நான் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தேன், கூட்டம் நீளும் என்று.

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பர்ஸை எடுத்தார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்து நீட்டினார், கண்டக்டர்கள் வைத்திருப்பது போலவே. என்ன, எப்போதும் அந்த விரலிடுக்குக்குள் வாங்கித்தான் பழக்கம்.

"ரெண்டு சீட்டு, பக்கத்துல பக்கத்துல. அவங்களுக்கு ஜன்னல்."

"தம்பிக்கு சார்?"

"அவன் ஒண்டிக்கட்டை. எங்க வேணா போடும்மா."

எனக்கு அவர்களுக்கு நேர் பின்னால் விழுந்தது. காலை நீட்ட முடியாது, ஆனால் முன்னால் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

"நீங்களும் தனியாவா போறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"என் வீட்டுக்காரர் இதுலதான் எங்கயோ இருக்கார். சேர்ந்து உட்காரத் தனியாக் காசு கேட்கிறாங்களாம். அவர் குடுப்பாரா?" அம்மாவின் குரலில் சிரிப்பு ஏறியது. "பொண்டாட்டி பக்கத்துல உட்கார வாடகை கட்டுற ஆம்பளையும் ஒரு ஆம்பளையாம்பார். பொல்லாத மனுஷன்."

சீட் இடுக்கு வழியாக அப்பாவின் பக்கவாட்டு முகம் தெரிந்தது.

"நல்லாத்தான் கேட்டிருக்கார்" என்றார்.

வண்டி நகர ஆரம்பித்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அப்பா மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை முழுவதும் இறக்கிவிட்டு, இருவருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியில், அவள் பக்கமாக, பிடிக்கத் தோதாகக் கையை வைத்துக்கொண்டார்.