நான்காவது குரல்

மாயம்மாள் கருத்தரங்கக் கூடத்துக்குள் நுழைந்தபோது பவித்ரா மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தத்திலிருந்து விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வந்திருக்க வேண்டும். பட்டுச்சேலை இடுப்பருகே கசங்கியிருந்தது, கையில் கட்டைப்பை நிறையக் கல்லாமை மாம்பழம். அவளுக்கு முன்னால் பவித்ராவின் மாமனார் காமராஜ், மண்டப வாசலில் சம்பந்தியை வரவேற்கிற பணிவோடு, கையை நீட்டி வழிகாட்டியபடி வந்தார். மூன்றாவது வரிசையில் தன் மகள் சண்முகவள்ளிக்குப் பக்கத்து நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டு தட்டி, "உக்காருங்க தாயி" என்றார். பவித்ரா மைக்கிலிருந்து கையை எடுத்தாள். மாயம்மாள் வரப்போவதாக அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை நம் ஊர்ப்பக்கம் யாரும் தேர்வாக நினைப்பதில்லை. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து கேள்வி கேட்பார், ஆய்வு செய்தவர் பதில் சொல்வார், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்பது பல்கலைக்கழக விதி. 'யார் வேண்டுமானாலும்' என்று சொல்லிவிட்டால் போதாதா, சொந்தபந்தம் அத்தனையும் கிளம்பிவிடும். நிலக்கோட்டையிலிருந்து மாலை வரும், மதியத்துக்குப் பிரியாணி வரும், போட்டோக்காரர் வருவார். காமராஜ் இன்னும் ஒரு படி மேலே போய், பேகம்பூர் ரோட்டில் தன் டயர் கடைக்கு எதிரே மருமகள் படம் போட்டு 'எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர்' என்று பேனரே கட்டியிருந்தார். பட்டம் வருவதற்குள் பேனர் வந்துவிட்டது. அந்தப் பெருமையில்தான் மகளைப் பார்த்துவிட்டுப் போன நத்தத்துச் சம்பந்தத்தையும் அழைத்திருக்கிறார்.

காமராஜுக்கு ஆய்வேடு என்றால் கெட்டி அட்டை போட்ட, பொன்னெழுத்துப் புத்தகம். அதற்குள் என்ன இருக்கிறதென்று அவர் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்பது அந்த நல்ல மனிதருக்குத் தெரியவே தெரியாது.

பவித்ரா வேலை பார்ப்பது தனியார் கல்லூரி ஒன்றின் ஆங்கிலத் துறையில். வீடுகளில் நோயைப் பற்றிப் பேசும்போது எந்த இடத்தில் ஆங்கிலச் சொல் வந்து உட்காருகிறது, எதை மறைக்க வருகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். சுகர் என்கிறோம், பிபி என்கிறோம், டிபி என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். தமிழில் சொன்னால் மட்டும் ஏன் வாசல்படி ஏறி வந்துவிட்ட மாதிரி பயப்படுகிறோம் என்று அவள் நெடுநாள் யோசித்திருக்கிறாள். இதற்காகப் பல வீடுகளில் பேச்சைப் பதிவு செய்யப் போனாள். ரெக்கார்டரைக் கண்டதும் எல்லோரும் செய்தி வாசிப்பவர்களாக மாறிப்போனார்கள். கடைசியில் தன் வீட்டு அடுப்படியிலேயே, மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் ரெக்கார்டரை வைத்தாள். எல்லோரிடமும் சொல்லி, கையெழுத்து வாங்கி வைத்ததுதான். கூரியர்க்காரனுக்குப் போடுவது போல மாமியார் கருப்பம்மாள் போட்டுக் கொடுத்தாள். வள்ளி மட்டும் முழுதும் படித்துவிட்டு, "பேரு வராதுல்ல பவி?" என்றாள்.

"வராது மதினி. நம்பர்தான் வரும்."

கணவனின் அக்காவான வள்ளி மெட்ரிக் பள்ளியில் அறிவியல் டீச்சர். பவித்ரா நூலகத்தில் கிடந்த மாதங்களில் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்தது அவள்தான். பதினாறு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். மாத்திரையால் சில வருடங்களாக வராமலே இருக்கிறது. ஆனாலும் பெண் பார்க்க வந்த ஒவ்வொரு குடும்பமும் எங்காவது விசாரித்துவிட்டு வராமல் போனது. அப்படி ஒரு சம்பந்தம் நின்றுபோன வாரத்தில், தோசை சுட்டுக்கொண்டே வள்ளி பேசியது பதிவாகியிருந்தது.

"ஃபிட்ஸுன்னு சொன்னா எந்த மாத்திரைன்னு கேப்பாக. வலிப்புன்னு சொன்னா வந்த சோலி முடிஞ்சுச்சுன்னு எந்திரிச்சுருவாக. இம்புட்டு வருசமா ரெண்டுல எனக்கு எது இருக்குன்னு எனக்கே தெரியல பவி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அந்த வாக்கியத்தின் மீதும் அந்தச் சிரிப்பின் மீதும்தான் நிற்கிறது. நெறியாளர் கமர்ஜஹான் அதைக் கேட்டுவிட்டு, "இந்த ஒண்ணுக்கே உனக்குப் பட்டம் குடுக்கலாம்மா" என்றார். பேச்சாளர் நான்கு, பெண், ஆசிரியை என்று போட்டுப் பவித்ரா ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். அப்போது நத்தத்துச் சம்பந்தம் கிடையாது.

மாப்பிள்ளை பொன்னழகு புளி மூட்டை அடுக்கும் கிட்டங்கி வைத்திருப்பவர், நாற்பதைத் தொடுகிறவர். தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது அக்கா மாயம்மாள். அவள் சொன்னால்தான் அந்த வீட்டில் எதுவும். அவளுக்கு வள்ளியைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. தினமும் மத்தியானம் பள்ளிக்கூட இடைவேளை பார்த்துப் போன் போட்டு, "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்பதில் தொடங்கி ஊர்க்கதை வரை பேசுவாள். பொன்னழகு சாயங்காலம் கூப்பிடுவார். வள்ளி போனோடு மாடிக்குப் போகும்போதெல்லாம் இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் போவாள். இறங்கி வரும்போது முகத்தைப் பார்த்தாலே சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும். "மாத்திர போடுற வரைக்கும் வரப்போறதில்ல. வராத வியாதியப் போயி வாசல்ல நின்னு கூவணுமாக்கும்? முடிஞ்ச பெறகு மெல்லச் சொல்லிக்கலாம்" என்பது கருப்பம்மாளின் தீர்ப்பு. அது தப்பு என்று பவித்ராவுக்குத் தெரியும். ஆனால் மாடிப்படியில் இறங்கி வரும் வள்ளியின் முகத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் இருந்தது, அதை அணைக்க யாருக்கு மனது வரும்? அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது அந்தக் குரல் மேடையில் மடிக்கணினிக்குள் இருக்கிறது. அதை ஒரு மாதமாகத் தினமும் போனில் கேட்ட மாயம்மாள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். போதாததற்குப் பதிவின் கடைசியில் கருப்பம்மாள் "ஏ வள்ளி, தோச கருகுது பாரு" என்று கூப்பிடுவதும் உண்டு. எழுத்தில் பெயரை எடுத்தவள் ஒலியில் எடுக்கவில்லை, சிரிப்போடு ஒட்டி வந்ததால் வெட்ட மனமில்லாமல் விட்டிருந்தாள். குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்த சந்தடியில் பவித்ரா குனிந்து அந்த ஸ்லைடை ஒலியோடு அழித்தாள். நிமிர்ந்தபோது வள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு நன்றாகத்தான் போயிற்று. வந்திருந்த தேர்வாளர் பாலக்காட்டுக்காரர், நரைத்த தாடி, பொறுமையான ஆங்கிலம். தமிழ் படிக்கவும் கேட்கவும் தெரிந்தவர். அவர் கேட்டதற்கெல்லாம் பவித்ரா தடுமாறாமல் சொன்னாள். சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண் மைக்கில் மடமடவென்று இங்கிலீஷ் பேசுகிறாள், அதற்கு மேல் என்ன புரிய வேண்டும்? கருப்பம்மாள் சம்பந்தியின் பக்கம் சாய்ந்து சாய்ந்து பூரித்துக்கொண்டிருந்தாள். மாயம்மாளும் தலையாட்டினாள். அந்த வரிசையில் ஆங்கிலம் புரிந்தவள் வள்ளி ஒருத்திதான்.

தேர்வாளர் ஆய்வேட்டில் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். பேச்சாளர் நான்கைப் பற்றி நீங்கள் இன்று பேசவே இல்லையே என்றார். ஆய்வேட்டில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதானாம். அந்தப் பெண் சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வாதமே அந்தச் சிரிப்பில் இருக்கிறது, அது எப்படிப்பட்ட சிரிப்பென்று எழுத்தில் எனக்குக் கேட்கவில்லை, பதிவைப் போடுங்கள் என்றார்.

பதிவு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாமா என்று பவித்ரா ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் கமர்ஜஹான், மாணவி கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, இருக்கிறது சார், நானே கேட்டிருக்கிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். பாவம், அவருக்கும் பேச்சாளர் நான்கு யாரென்று தெரியாது. பவித்ரா அதைக்கூடக் காப்பாற்றியிருந்தாள்.

"இந்த ஊர்க்காரர் சார். பொதுவில் போட முடியாது" என்றாள் ஆங்கிலத்தில்.

தேர்வாளர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன், ஆனால் பொதுத் தேர்வில் காட்ட முடியாத சான்றின் மேல் ஓர் இயலையே கட்டியிருக்கிறீர்கள், இதற்கு நான் கையெழுத்துப் போட்டால் நாளை என்னைக் கேட்பார்கள் என்றார். அந்த இயலை வேறு சான்றுகளோடு திருத்தி எழுதி மறுபடி வாருங்கள் என்றார். திருத்தி எழுதுவதென்றால் இன்னொரு வருடம். முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு வருகிற ஆண்டு வேலை இல்லை என்று கல்லூரி நிர்வாகம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. பவித்ரா தண்ணீர் குடித்தாள். மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாதென்று வைராக்கியமாக எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"சரி சார். திருத்தி எழுதிக் கொண்டு வருகிறேன்" என்றாள், அதே ஆங்கிலத்தில், மைக்கில், தெளிவாக.

மருமகள் ஏதோ உறுதியாகச் சொல்கிறாள், தேர்வாளர் தலையசைக்கிறார். முடிந்துவிட்டது என்று நினைத்த காமராஜ் கைதட்ட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து நாலைந்து பேர் தட்டினார்கள். கமர்ஜஹான் பதறிப்போய்க் கையமர்த்தினார். கைதட்டல் அடங்கியபோது வள்ளி எழுந்து நின்றிருந்தாள்.

"சார்," என்றாள் தமிழில். பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சு வரைக்கும் கேட்கப் பேசிப் பழகியவள், அதனால் கூடம் முழுக்கக் கேட்டது. "அந்த நாலாவது ஆளு நாந்தான். எனக்கு வலிப்பு உண்டு. மாத்திர சாப்பிடுறேன். எனக்காகத்தான் அந்தப் புள்ள போட மாட்டேங்குது."

கருப்பம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். வள்ளி உட்காரவில்லை. காமராஜின் கைகள் தட்டிய வாக்கிலேயே மடியில் கிடந்தன.

பவித்ராவுக்கு முதலில் வந்தது நிம்மதி. பட்டம் போகாது, வேலை போகாது என்று மனது கணக்கை முடித்துவிட்டது. அது வந்த வேகத்தைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பிறகுதான் வள்ளியின் மேல் ஆத்திரம் வந்தது. ஒரே ஒரு தடவை அவளுக்காக எதையாவது விட்டுக்கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் அதையும் பிடுங்கிக்கொண்டாளே என்று நினைத்தாள். இதை எனக்காகச் செய்தாளா, மாடியில் சொல்ல முடியாததை இப்படியாவது சொல்லித் தொலைத்தாளா என்று கேட்கத் தோன்றியது. கேட்டாலும் வள்ளிக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அம்மா, இத்தனை பேர் முன்னால் வேண்டாம். நீங்கள் உட்காருங்கள்" என்றார், மலையாள வாடையடிக்கும் தமிழில்.

"சொன்ன பெறகு என்ன சார் இருக்கு." வள்ளி மேடையைப் பார்த்தாள். "போடு பவி."

"மதினி, வேணாம்."

"நாந்தானே சொல்றேன். போடு."

அழித்த ஸ்லைடின் ஒலி வேறொரு கோப்பில் இருந்தது. பவித்ரா அதைத் தேடி எடுத்து அழுத்தினாள். முதலில் மாவு கல்லில் விழும் சத்தம். பிறகு குரல். அடுப்படியில் அவ்வளவு சின்னதாக இருந்த சிரிப்பு, சுவரின் இரண்டு ஸ்பீக்கர்களிலும் பெரிதாகி, முடிவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. மாயம்மாள் பக்கத்தில் நிற்பவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தினமும் போனில் கேட்கிறபடியே, ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டாள். தோசை கருகுவதைச் சொல்லிக் கருப்பம்மாள் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பதிவு நின்றது.

தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் மெதுவாகத் தொடங்கினார். பவித்ராவின் காதில் அது விழவில்லை. மூன்றாவது வரிசையில் மாயம்மாள் வள்ளியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வள்ளி குனிந்தாள். மாயம்மாள் அவள் காதருகே எதையோ சொல்லத் தொடங்கினாள். உதடுகள் அசைவது மட்டும் மேடையிலிருந்து தெரிந்தது. முகம் இறுகியிருந்ததா இளகியிருந்ததா என்பது வள்ளியின் தோள் மறைத்ததில் தெரியவில்லை. "மறுபடி சொல்லுங்கள் சார்" என்றாள் பவித்ரா. தேர்வாளர் மறுபடி கேட்டார். அங்கே மாயம்மாள் இன்னும் பேசி முடிக்கவில்லை, வள்ளி உட்காரவும் இல்லை நிமிரவும் இல்லை, குனிந்தவாக்கிலேயே கேட்டுக்கொண்டு நின்றாள்.