நீக்கிப் பார்க்க வேண்டியவை

1

இந்தக் கதை தாம்பரத்தில், லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பில், என் பக்கத்து இருக்கையில் கிடைத்தது. மாஹிரா சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுடைய பஸ் வந்ததும் பாதியில் ஏறிப் போய்விட்டாள். மீதியைக் கேட்க எனக்குப் பயம். அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "2008இல், கூடுவாஞ்சேரி கல்யாண மண்டபம் ஒன்றில், ஜாகிரின் நெஞ்சில் கறித்துண்டு சிக்கி..."

(வேண்டாம். கறி என்று எழுதினால் நீங்கள் கறியைச் சந்தேகிப்பீர்கள்.)

2

கல்யாணமாகி நாலாவது மாதம். மாஹிராவின் கணவன் ஜாகிர் தட்டை விட்டு எழுந்து வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வந்தது. ஆனால் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மாஹிரா கொடுத்த தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்தார்கள். சிக்கியிருந்தது அவள் சமைத்த சோறு.

3

உணவுக்குழாய் உள்ளே வளையம் வளையமாகச் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஆஸ்துமா மாதிரிதான், இடம்தான் வேறு என்றார்.

"சாப்பிடற ஏதோ ஒண்ணு ஒத்துக்கல. எதுன்னு ரத்தத்துல தெரியாதும்மா. பால், கோதுமை, முட்டை, சோயா, கடலை, மீன், எல்லாத்தையும் நிறுத்துங்க. உள்ள ஆறினதும் ஒவ்வொண்ணா சேர்த்து, குழாய் விட்டுப் பாக்கலாம்."

எப்போதிலிருந்து என்று கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் என்றான் ஜாகிர்.

(இந்த வாக்கியத்தைப் பலமுறை அடித்துவிட்டேன். பொய்யா? நிக்காஹ் அன்றே ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தானாம். மாஹிரா பார்த்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அப்படி என்றால், சாப்பிடுவது என்றாலே அதுதான் என்று நினைத்திருப்பான்.)

4

மாமியாரை வில்லியாக்கப் பார்த்தேன். "பரிதாவின் கண்களில் ஒரு..."

இல்லை. மகன் எச்சில் வழிய நின்றதைப் பார்த்தவள் பரிதா.

"கொஞ்ச நாள் கீழ்க்கட்டளையில உங்க உம்மா வூட்ல இரும்மா. புதுசா வந்தது எல்லாத்தையும் நிறுத்தித்தானே பாக்கணும்?"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

"மாமி, சாப்பாட்டையும் என்னையும் சேர்த்து நிறுத்தினா, எதனாலன்னு எப்படித் தெரியும்?"

"அவன் நல்லானா போதும். எதனாலன்னு தெரிஞ்சு இன்னா பண்ணப் போறோம்?"

ஜாகிர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டான்.

5

சில வாரம் கழித்து போன் செய்தான்.

"இன்னிக்கு சோறு தண்ணி இல்லாமலே இறங்குச்சு, மாஹி."

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதே இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றாள். ஒவ்வொரு தொழுகையிலும் அவள் கேட்டது இதைத்தான். பிறகுதான் சாப்பாட்டோடு தன்னையும் நிறுத்தியிருப்பது நினைவுக்கு வந்தது.

"மாமிகிட்ட சொன்னீங்களா?"

"உம்மாதான் முதல்ல கவனிச்சாங்க."

6

அவள் சொன்னது இவ்வளவுதான். இனி முடிவு.

முடிவு ஒன்று: பாலைத் திரும்பக் கொடுக்கிறார்கள், தொண்டை அடைக்கிறது, மாஹிரா மேல் குற்றமில்லை. (எழுதிவிட்டுப் பயந்தேன். அவள் குற்றமற்றவள் என்று ஆக, அவன் மறுபடி எச்சில் வழிய நிற்க வேண்டும். அவள் அதற்காகவா துஆ கேட்பாள்?)

முடிவு இரண்டு: அவன்தான் நல்லாயிருக்கிறானே என்று எதையும் திரும்பச் சேர்க்காமலே விட்டு—

இதை முடிக்க மாட்டேன்.

நீங்கள் முடியுங்கள். நிறுத்தியவை: பால், கோதுமை, முட்டை, சோயா, கடலை, மீன், மாஹிரா. ஒரு நேரத்தில் ஒன்றுதான். முதலில் எதைச் சேர்ப்பீர்கள்?