குடங்கள் கூடிய கூட்டம்

தெருக்குழாயைப் பிடுங்கப்போகிறார்கள் என்ற சேதி தொண்ணூற்றெட்டில் பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்தது. எல்லோரும் புலம்பினார்கள், டெஸ்மண்டுக்கு மட்டும் ரத்தம் கொதித்தது. அவர் வீட்டிலும் வேறு குழாய் கிடையாது. வார்டு குடிநீர்க் குழுவில் பொதுமக்கள் சார்பில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து இந்த அநியாயத்தைத் தடுத்தே தீருவேன் என்று கிளம்பினார்.

"கூட்டம் நடத்தின அனுபவம் இருக்கா? அதைச் சேர்த்துக்கிட்டு வாங்க, பார்க்கலாம்," என்று வார்டு ஆபீசில் அனுப்பிவிட்டார்கள்.

அனுபவத்துக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார், ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் குழாயடியிலேயே வழி பிறந்தது. தண்ணி வருமுன்னே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதைத் தாண்டி யாரும் பிடிக்க முடியாது. அப்போ கூட்டத்துக்கும் அது ஆள்தானே!

தினமும் காலையில் குடங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஆட்சேபணை உண்டா?" என்பார். குடங்கள் கம்மென்று இருக்கும். "ஏகமனதாக நிறைவேறியது!" என்று தொடையில் தட்டுவார், மேஜை ஏது? பக்கத்து வீட்டுப் பாமாவின் பிளாஸ்டிக் குடம் ஒருநாள் காற்றில் உருண்டதற்கு, வெளிநடப்பு செய்துவிட்டதாகக் கோபித்துக்கொண்டார்.

"மானம் போகுதுங்க," என்றாள் மனைவி மௌரீன். "நெஜக் கூட்டத்துல யாராச்சும் வாயைத் திறந்து மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் பழகிட்டேன் போ."

தினமும் கூட்டம் நடத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தார், குழுவில் இடம் கிடைத்துவிட்டது. முதல் கூட்டத்திலேயே குழாய் விவகாரம். தலைவர் காகிதத்தைக் கன்னடத்தில் படபடவென்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆக்ஷேபணெ இதெயா?" அதே ஆட்சேபணைக் கேள்விதான்.

டெஸ்மண்ட் நாற்காலி நுனிக்கு வந்தார். ஐயோ, இத்தனை நாள் கூட்டம் நடத்தியும் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி அவர் பார்த்ததே இல்லையே! எழுந்திருப்பதா, கையைத் தூக்குவதா? சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் கம்மென்று இருந்தார்கள். அவரும் இருந்தார். தலைவர் மேஜையைத் தட்டினார். பாவி மனுஷன், பழக்கதோஷத்தில் இவரும் தொடையைத் தட்டித் தொலைத்தார்.

மறுவாரம் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையிலும் குழிக்கு முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. பிடித்த இடத்தை விட யாருக்கும் மனசு வரவில்லை. டெஸ்மண்ட் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தார்.

மௌரீன் வரிசைக் கடைசியைக் காட்டினாள்.

"நம்ம வீட்டுக் குடத்தை இன்னைக்கு நான் வைக்கலைங்க. அதுக்குப் பதிலா நீங்களே வந்து நில்லுங்க."