தள்ளிவைத்த இரண்டு வருடம்

2001ஆம் வருடம், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுப்புராமன் பனியனைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்து சகுந்தலா சீப்பால் அவர் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு.

"இன்னும் கொஞ்சம் கீழ... சோத்தாங்கைப் பக்கம்... ஆங், அங்கதான்."

"தாலுகா ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை வாங்குவீங்களா?"

"அங்க எவன் சொன்னபடி கேக்கறான்?"

கருங்குழியில் அந்த வீட்டில், இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில், எதையும் யோசிக்காமல் அவள் அவரைத் தொட்டது அதுதான் கடைசி.

மத்தியானம் செங்கல்பட்டிலிருந்து அவருடைய அண்ணன் கோதண்டராமன் வந்தார். பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் தெரிந்தவர் என்பதால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்க அவர்தான் தனியாகப் போயிருந்தார். ஹெபடைடிஸ் சி என்றார். ஈரல் பாதிக்குமேல் கெட்டுவிட்டது என்றார். 1985இல் படாளம் அருகே ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது தம்பிக்கு ஏற்றிய ரத்தத்தில் வந்ததாம்.

"ஒட்டுவாரொட்டி வியாதி. இனிமே படுக்கை தனி, தட்டு தனி. சகுந்தலாவுக்கும் வந்துட்டா உன் பொண்ணு நடுத்தெருவுல நிப்பா, பாத்துக்க."

விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த ஒரே மகளைப் பற்றிய அந்தக் கடைசி வார்த்தை சுப்புராமனைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் அறைக்குப் போய்விட்டார். அவள் ஓர் எட்டு எடுத்து வைத்தால் "கிட்ட வராத சகு" என்பார். அரிப்பு தாங்காதபோது மாடு மாதிரிக் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டார். அவள் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடம்.

வீட்டு வேலைக்கு வரும் தனகோடிதான் கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, ரெண்டு வருசமா ஐயா துணிய நாந்தான் தோச்சுகினு கீறேன். எனக்கு ஒண்ணியும் ஆவல. தாலி கட்டிக்கினவ நீ தூர நின்னு வேடிக்க பாத்துகினு கீற!"

சுருக்கென்றது. மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, சகுந்தலா செங்கல்பட்டில் அதே டாக்டரிடம் போய்த் தன் ரத்தத்தைக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அவர் முடிவைப் படித்துப் பார்த்தார்.

"உங்களுக்கு இல்லம்மா. ரொம்ப வருஷம் சேர்ந்து வாழற புருஷன் பெண்டாட்டிக்குள்ள இது தொத்தறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குப் போகணும். ஷேவிங் ரேசர், பல் பிரஷ், நகவெட்டி தனியா வெச்சுக்குங்க. மத்தபடி எப்பவும்போல இருங்க."

"இதை யாருமே எங்களுக்குச் சொல்லலியே."

"முதல் நாளே அவர் அண்ணன்கிட்ட சொன்னேனே!"

தெருவில் இறங்கி நடந்தபோதுதான் அவள் கணக்குப் போட்டாள். 1985க்கும் 2001க்கும் பதினாறு வருடம். அந்த வியாதி பதினாறு வருடம் அவர்களோடு ஒரே பாயில் படுத்திருக்கிறது. அவளை ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கிறவள் இதைக் கழித்துப் பார்க்கவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. ஆனால் அறைய வேண்டிய ஆள் இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

"ஏன் மாமா மறைச்சீங்க?"

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அபூர்வம்னா வரவே வராதுன்னு அர்த்தமா? ஒரு ஜாக்கிரதைக்குத்தான்..."

"ஜாக்கிரதை உங்களுது. நாய் மாதிரி வாசல்ல கிடந்தது அவரு."

"கத்தாத, தெருவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! டாக்டர் வியாதியையும் சொன்னாரு, தொத்தாதுன்னும் சொன்னாரு. அதுல ஒண்ண மட்டும் எடுத்துட்டு வர நீங்க யாரு?"

அவர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

வீட்டுக்கு வந்து சகுந்தலா எல்லாவற்றையும் சொன்னாள். சுப்புராமன் தான் முதுகு தேய்த்த கதவு நிலையைத் தடவிப் பார்த்தார். வயிறு வீங்கி, கால் வீங்கி, கண் மஞ்சளாகியிருந்தது.

"அப்ப ரெண்டு வருஷமா கொசுவுக்கு விருந்து வெச்சதுதான் மிச்சமா?" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பனியனைத் தூக்கினாள். முதுகெல்லாம் மரத்தில் உரசிக் கறுத்துத் தோல் தடித்திருந்தது. சீப்பை எடுக்க மனம் வராமல் உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துவிட்டாள். அன்று முதல் வாசல் அறையில் இரண்டு பாய்.

அதற்குப்பின் அவர் பத்தொன்பது நாள் இருந்தார்.

சகுந்தலா அப்புறமும் இரண்டு முறை பரிசோதித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. இரண்டு முறையும் காகிதத்தைக் கோதண்டராமன் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தார். தலையாட்டினார்.

வருடா வருடம் தம்பியின் திவசத்துக்கு வரும்போது, அவர் குடிக்கத் தன் வீட்டுத் தண்ணீரைப் பையில் கொண்டுவருகிறார்.