நடுக்கூடத்து அடுப்பு

கூடத்தை இடித்துத் திருத்தப் போகிறேன் என்று தர்கியாஸ் சொன்னதும் அவர் மனைவி குன்சஸ் கேட்ட முதல் கேள்வி, "அதுவரைக்கும் நாங்க எங்கே உக்காந்து டீ குடிக்கிறது?" என்பதுதான். இரண்டாவது, "புது அடுப்பை எங்கே வைக்கப் போறீங்க?" முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் அந்த வேலையையே தொடங்கியிருந்தார்.

"நடுவுல. நட்ட நடுக்கூடத்துல."

"நடுவுல வெச்சா வரிசை எப்படிப் போடுறது?"

"வரிசையே கிடையாது. சுத்தி உக்கார வேண்டியதுதான்."

குன்சஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். லடாக்கில் அடுப்பு சுவரோரம் இருக்கும், அதன் பக்கத்தில் வரிசையின் தலை. அங்கே துறவி, பிறகு பெரிய வீட்டுக்காரர்கள், பிறகு வயதுப்படி மற்றவர்கள் என்று விரிப்புகள் இறங்கிக்கொண்டே போய்க் கதவில் முடியும். கதவோரம் கொல்லர் வீட்டு ஆளுக்கும் மேளக்காரருக்கும். அவர்களுக்கு விரிப்புக்கூடக் கிடையாது. வீட்டுக் கிண்ணமும் கிடையாது. தங்கள் கிண்ணத்தை அங்கி மடிப்பில் செருகிக்கொண்டு வருவார்கள். இதெல்லாம் யாரும் சட்டம் போட்டு எழுதி வைத்ததில்லை. ஆனால் குழந்தைக்குக்கூடத் தன் இடம் எதுவென்று தெரியும்.

தர்கியாஸுக்கு இதில் பல வருஷக் கோபம். விவசாய அலுவலகத்தில் வேலை, கூட்டம் என்றால் மைக் அவரைத் தேடி வரும், மைக் வந்துவிட்டால் சமத்துவத்தில்தான் தொடங்குவார், சமத்துவத்தில்தான் முடிப்பார். வாய்ச்சொல் மட்டும்தான் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கொல்லர் வீட்டுப் பஞ்சோக்கும் அவரும் ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பஞ்சோக் இந்த வீட்டு அடுக்களைக்கு நேராக வந்து, குன்சஸ் கையால் வீட்டுக் கிண்ணத்தில் டீ வாங்கிக் குடிக்கிறவன். இன்றைக்கு நேற்றல்ல, முப்பது வருஷமாக. கேட்டால், "எங்க வீட்டுல அந்தப் பேச்சே இல்ல" என்று தர்கியாஸ் நெஞ்சை நிமிர்த்துவார்.

புது அடுப்பை அடித்துக் கொடுத்ததும் பஞ்சோக்தான். லே நகரத்தில் சொந்தப் பட்டறை, வெல்டிங் மெஷின், கீழே இரண்டு ஆட்கள் என்று நன்றாகவே இருந்தான்.

"நடுவுலயா? உனக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா?" என்று சிரித்தான். "புகைக்குழாய் நேரா கூரையைப் பொத்துக்கிட்டு மேல போகணும்டா. உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா."

"திட்டட்டும். என் கூடத்துல மேல, கீழன்னு ஒரு இடம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

பஞ்சோக் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். "சரி, செஞ்சிரலாம்" என்றான்.

கோடை முழுக்க வீடு அமளிப்பட்டது. மண் தரையைக் கொத்தி எடுத்துப் பலகை அடித்தார்கள். தெற்குச் சுவரைப் பாதி இடித்துக் கண்ணாடி வைத்தார்கள். எத்தனையோ தலைமுறைப் புகை படிந்த உத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் குன்சஸுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. கடைசியில் பஞ்சோக் அடுப்பைக் கொண்டுவந்து இறக்கினான். பிரமாதம் என்றால் பிரமாதம்! கறுத்த இரும்பு, முன்பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே எரிகிற விறகைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். மேலே ஒரே சமயத்தில் மூன்று கெட்டில் வைக்கலாம். அதைச் சுற்றி வட்டமாக விரிப்புகளைப் போட்டுப் பார்த்தபோது தர்கியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் இப்படி ஒரு கூடம் யாரிடம் இருக்கிறது?

"குளிர் வந்ததும் முதல் நெருப்பு நீதான் போடணும்" என்றார் பஞ்சோக்கிடம். "என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

குளிர் வந்தது. கூடவே சம்பந்தப் பேச்சும் வந்தது. மகள் யாங்சனும் ஜம்முவில் அவளோடு படித்த பையன் ஒருவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையன் நல்லவன், ஆனால் குடும்பம் பழைய பெரிய வீடு. பையனின் தாய்மாமன் மோருப், சாங் என்கிற பார்லிக் கள் குடத்தோடு பெண் கேட்டு வருவார், இவர்கள் அதை வாங்கிக்கொண்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அவர்கள் குறித்து அனுப்பிய நாள், முதல் நெருப்புக்கு என்று தர்கியாஸ் ஊரைக் கூப்பிட்டிருந்த அதே நாள்.

"நல்லதாப் போச்சு, எல்லாரும் இருக்கட்டும்" என்றார் தர்கியாஸ். பஞ்சோக்கிடமும் பெருமையாகச் சொன்னார்.

குன்சஸ் மட்டும் குரலைத் தாழ்த்தி, "பஞ்சோக்கை இன்னொரு நாள் வரச் சொல்லலாமா? அவங்க வீட்டுல இதெல்லாம் ரொம்பப் பாப்பாங்களாம். யாங்சன் வாழ்க்கை" என்றாள்.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று சீறினார் தர்கியாஸ். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மத்தியானம் பஞ்சோக் நல்ல அங்கி போட்டுக்கொண்டு வந்தான். பாப்லர் விறகை அடுக்கிப் பற்றவைத்தான். அடுப்பு ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டு உறுமியது, புகை ஒரு இழை வெளியே வரவில்லை. ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம்தான் வேடிக்கை. எங்கே உட்காருவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"தலைமாடு எதுப்பா இதுல?"

"தலையும் இல்ல, காலும் இல்ல. விழுந்த இடத்துல உக்காரு, அண்ணே!"

சிரித்துக் கும்மாளமிட்டுக்கொண்டே அவர்கள் உட்கார்ந்தபோது, பாருங்கள், கதவுக்கு நேர் எதிரே ஜன்னலோரம் பெரியவர்கள், அங்கிருந்து இரண்டு பக்கமும் இறங்கிக் கதவருகே சின்னவர்கள். வட்டத்திலும் வரிசையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! பஞ்சோக் பேசாமல் கதவோரம் போனான். தர்கியாஸ் பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஜன்னலோரம் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பரவாயில்லை. அந்தக் கொஞ்ச நேரம் தர்கியாஸ் தன்னைத் தானே மிகவும் மெச்சிக்கொண்டார்.

வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க!" என்று யாங்சன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் தர்கியாஸுக்குக் குன்சஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. மோருப்பை எங்கே உட்காரவைப்பது? தன் பக்கத்தில்தான். அப்படியென்றால் அவருக்கு அந்தப் பக்கம் பஞ்சோக். கிண்ணத்தோடு கிண்ணம் இடிக்கும். மோருப் எழுந்து போய்விட்டால்?

"பஞ்சோக்" என்றார். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "குழாய் சரியா இழுக்கல போலிருக்கு. கூரைக்குப் போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்துர்றியா?"

பஞ்சோக் அடுப்பைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு தர்கியாஸைப் பார்த்தான். "சரி, பாக்குறேன்" என்று எழுந்து பின்வாசல் வழியாகப் போனான்.

முன்வாசல் வழியாக மோருப் வந்தார். "ஜூலே! ஜூலே!" என்று வணக்கம் சொல்லி வீடே அதிரச் சிரிக்கிற மனுஷர். "வாங்க, மேல வாங்க" என்று எல்லோரும் எழுந்து நின்று கெஞ்ச, "ஐயோ, நான் இங்கேயே இருக்கேன்" என்று அவர் கதவோரமே உட்காரப் போக, கையைப் பிடித்து இழுத்து, அவர் திமிறி, அந்த ஊர் மரியாதை அத்தனையும் முடிந்து பஞ்சோக்கின் விரிப்பில் அமர்ந்தார். கூட வந்தவர்களும் அமர்ந்தார்கள். மற்றவர்கள் நகர்ந்து நகர்ந்து இடம் கொடுத்ததில் வட்டம் நிரம்பிவிட்டது. கதவோரம் மட்டும் கொஞ்சம் வெறும் பலகை தெரிந்தது.

தலைக்கு மேல் கூரையில் ஆள் நடக்கிற சத்தம் தொம் தொம்மென்று கேட்டது.

"யாரு மேல?" என்றார் மோருப்.

"குழாயைப் பாக்குறாங்க."

"குழாய்க்கு என்ன? ராஜா மாதிரி எரியுதே!"

தர்கியாஸ் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பனி உறைந்த கூரையில், நல்ல அங்கியோடு, ஒரு பழுதும் இல்லாத குழாயை அவன் சுற்றிச் சுற்றி வருகிறான். பார்க்க ஒன்றும் இல்லையென்று தெரிந்தும், உள்ளே எல்லோரும் உட்கார்ந்து முடிக்கட்டும் என்று நேரம் கொடுக்கிறான். அது புரிந்தபோது தர்கியாஸின் காதெல்லாம் எரிந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று நினைத்தார். நினைத்தபடியே உட்கார்ந்துதான் இருந்தார்.

பஞ்சோக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். தொப்பியில் பனி. "குழாய் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

வருகிறவர் யாராக இருந்தாலும் வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேல வாங்க. அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் தர்கியாஸ் அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! இப்போது கூடமே அவர் வாயைப் பார்த்தது. அவர் குனிந்து அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினார். பஞ்சோக் அந்த வெறும் பலகையில் உட்கார்ந்தான்.

"இந்த அடுப்பைச் செஞ்சவர் நீங்கதானா?" என்று மோருப்தான் கேட்டார். "அட, அங்கே ஏன் உக்காந்திருக்கீங்க? மேல வாங்க! என் பக்கத்துல வாங்க. எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும், பேசணும்." சொல்லிக்கொண்டே நகர்ந்து இடமும் விட்டார்.

"இல்லைங்க, எனக்கு இங்கேயே நல்லா இருக்கு" என்றான் பஞ்சோக்.

"சும்மா மரியாதை பாக்காதீங்க, வாங்க வாங்க!"

"இருக்கட்டுங்க."

மோருப் சிரித்தார். நாலு தடவை மறுத்துவிட்டு ஐந்தாவது தடவை வருவதுதானே வழக்கம்? கூட வந்தவர்களும் மரியாதை என்றே நினைத்துச் சிரித்தார்கள். அது மரியாதை இல்லை என்று பஞ்சோக்குக்கும் தெரியும், தர்கியாஸுக்கும் தெரியும்.

குன்சஸ் வெண்ணெய் டீயைக் கொண்டுவந்து தர்கியாஸிடம் கொடுத்தாள். முதல் சுற்று வீட்டுக்காரர்தான் ஊற்ற வேண்டும். மோருப்புக்கு ஊற்றினார், பெரியவர்களுக்கு ஊற்றினார், வட்டமாகச் சுற்றிக்கொண்டு கதவோரம் வந்தார். வீட்டுக் கிண்ணம் ஒன்றை அவசரமாக எடுத்து நீட்டினார். பஞ்சோக் அதை வாங்கவில்லை. அங்கி மடிப்புக்குள் கைவிட்டு ஒரு மரக் கிண்ணத்தை எடுத்தான். விளிம்பில் விரிசல், விரிசலுக்குக் கம்பிக் கட்டு. தர்கியாஸுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பஞ்சோக்கின் அப்பா இதே கதவோரம் உட்கார்ந்து நீட்டிய கிண்ணம்.

"பஞ்சோக், இது எதுக்குடா" என்றார்.

"பெரிய வீட்டுச் சம்பந்தி வர்றாங்கன்னு அன்னிக்குச் சொன்னியே" என்றான் பஞ்சோக், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அப்பவே தேடி எடுத்துக் கழுவி வெச்சுட்டேன். ஊத்து, ஆறிடப் போகுது."

தர்கியாஸ் குனிந்து ஊற்றினார்.