வாசலை அடைத்த மோரிஸ்

"இன்னும் ரெண்டு பேர் கை குடுத்தா சாச்சு ஏத்திரலாம்" என்று ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த தங்கமணி சொன்னதும், ராஜாத்தி பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"சாய்க்காத. கண்ணாடி போச்சுன்னா வேற பெட்டிக்கு எங்க போறது?"

தங்கமணி பெட்டியை மறுபடியும் தெருவில் இறக்கி வைத்தான். கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் இருந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு மோரிஸ் மைனர் நின்றிருந்தது. இடது பக்க முன்சக்கரம் கழற்றப்பட்டு, அந்த மூலை மட்டும் மரக்கட்டைகளின் மேல் ஏறியிருந்தது. காருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். காலையில் ராஜாத்தியின் கணவர் திம்மராயனின் உடலை அந்த வழியாகத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துக் கட்டி, ஒருக்களித்துப் பிடித்து, சுவரில் அவர் முழங்கை தேய்ந்துவிடாமல் அவள் தன் கையைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஆள் போன வழியில் பெட்டி போகவில்லை.

விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பாகலூர் ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துபோனார். சிப்காட் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டையரானவர். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் வரை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இந்தச் சக்கரத்தைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார். பிரேக் எண்ணெய் கசிகிறது என்று உள்ளே இருந்த பிரேக் சிலிண்டரைப் பிடுங்கி, சரி செய்துவரச் சொல்லி, சங்கத்துப் பையன் விமல்ராஜிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி டேமுக்கு அவர்கள் சங்கத்தின் வண்டிகள் எல்லாம் வரிசையாகப் போவதாக இருந்தது. ஓசூர், ஆனேக்கல் பக்கம் பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களின் சங்கம் அது. ராஜாத்தி அதற்கு வைத்திருந்த பெயர் துருப்பிடிச்சவங்க சங்கம்.

மகள் ஹரிணி துபாயில் இருந்தாள். நாளை காலையில்தான் வந்து சேர முடியும். "நான் பாக்காம அப்பாவ எடுத்துராதீங்கம்மா" என்று ஃபோனில் சொல்லியிருந்தாள். சித்திரை வெயில் இப்போதே மாடியின் தகரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது.

கெலமங்கலத்தில் இருந்து வந்திருந்த கொழுந்தன் முனிராஜ் காரைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். அண்ணன் சாவில் அழுது முகம் வீங்கியிருந்தாலும், வேலை என்று வந்தால் தள்ளிப்போடத் தெரியாதவர்.

"அண்ணி, ரெண்டு வழி இருக்குது. தெருவுலயே பந்தல் போட்டு அண்ணன வெளிய வெச்சிரலாம். ஊர்ல எல்லாரும் அப்டித்தான் வெக்கறாங்க."

"வேணாம்."

"ஏன் அண்ணி?"

"தெருவுல படுக்க வெக்கறதுக்கா லோன் போட்டு வீடு கட்னாரு? ஹரிணி வந்து பாக்கறப்ப அவரு ஹால்ல இருக்கணும்."

"செரி. அப்ப லேஅவுட்ல ஜேசிபி ஒண்ணு நிக்குது. டிரைவர் நம்ம ஊர்ப் பையன். கயிறு கட்டி இழுத்தா ஒரு நிமிசம். வண்டிய வெளிய போட்றலாம்."

"சக்கரம் இல்லாம எப்டி இழுப்ப?"

"தரையில தேஞ்சுக்கிட்டு வரும். என்னா இப்ப? இனிமே அத யாரு ஓட்டப் போறாங்க?"

ராஜாத்தி காரைப் பார்த்தாள். இந்த வீட்டில் நிழல் விழுகிற ஒரே இடத்தை அது பிடித்து வைத்திருந்தது. துணி காயப்போட அவள் மாடி ஏற வேண்டியிருந்தது. உறவுக்காரர் யார் வந்தாலும் பக்கவாட்டில் நுழைந்துதான் வந்தார்கள். இந்தக் காருக்காக அவள் போட்ட சண்டைகள் தெருவுக்கே தெரியும். முனிராஜுக்கும் தெரியும்.

"அவரு உள்ள படுத்துக்கினு இருக்கறப்ப, இத தரதரன்னு இழுக்கற சத்தம் இந்த வீட்ல கேக்கக்கூடாது முனிராஜு."

"அப்ப என்னாதான் பண்றது அண்ணி? வெயில் ஏறுதில்ல?"

"சக்கரத்த மாட்டி, தள்ளிட்டுப் போய் நிறுத்தறது. கொஞ்சம் இரு."

அவள் உள்ளே போனாள். ஹாலில் கட்டிலின் கால்மாட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்திருந்தார்கள். நீர் ஒழுகித் தரையில் ஓடியது. அவள் குனிந்து அவர் தலைமாட்டில் இருந்த ஃபோனை எடுத்தாள். பெரியம்மா சரசம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"ஒக்காரும்மா. நீ இன்னும் ஒரு சொட்டு அழுவல. ஆம்பளைங்க பாத்துக்குவாங்க."

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கறாங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு ராஜாத்தி வெளியே வந்தாள்.

சங்கத்து ஆட்களின் பெயரை அவர் ஃபோனில் தனியாக வைத்துக்கொள்ளவில்லை, அவரவர் காரின் பெயரோடு சேர்த்தே பதிந்திருந்தார். ஆஸ்டின் நாகேந்திரப்பா. ஹெரால்டு விமல். ஹில்மேன் என்று மட்டும் ஒன்று. அவள் முதலில் விமல்ராஜைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க சார், சிலிண்டர் ரெடி" என்றது அந்தப் பக்கம்.

"நான் அவரு வீட்டுக்காரி பேசறேன்" என்றாள். பிறகு என்ன நடந்தது என்பதைச் சொன்னாள். "இருக்கியாப்பா?" என்று கேட்டாள்.

"இருக்கேன் ஆன்ட்டி."

"வண்டிய வெளிய எடுக்கணும். சக்கரம் மாட்டத் தெரிஞ்ச ஆளா வாங்க. வர்றப்ப அழுதுக்கிட்டே ஓட்டாத."

விமல்ராஜ் உத்தனப்பள்ளியில் இருந்து வர வேண்டும். வழியில் சானமாவு காட்டில் யானைகள் ரோட்டுக்கு வந்திருந்ததால் ஃபாரஸ்ட்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் ஆனேக்கல்லில் இருந்து நாகேந்திரப்பா முதலில் வந்தார். கறுப்பு ஆஸ்டினைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஒரு கையில் மாலையும் இன்னொரு கையில் ஜாக்கியுமாக நடந்து வந்தார். வயதானவர். வெள்ளை வேட்டி. மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவரிடம் இருந்து ராஜாத்தியே அதை வாங்கிக்கொண்டாள்.

"ராயரு நேத்துகூட ஃபோன்ல பேசினாரு அம்மா" என்றார் அவருடைய கன்னடத் தமிழில். "ஞாயித்துக்கெழம ஹோகோணா ஹோகோணா அந்தாரு. போலாம் போலாம்னு ஒரே பேச்சு."

"உள்ள போய் பாத்துட்டு வாங்க. அப்பறமா வேல இருக்குது."

அவர் பார்த்துவிட்டு வந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, எண்ணெய் சிந்திக் கிடந்த தரையில் அப்படியே முட்டி போட்டார்.

விமல்ராஜ் வந்தபோது சக்கரத்துக்கான நட்டுகளைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். டிக்கியில் இல்லை. டூல் பெட்டியில் இல்லை. முனிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஜேசிபி இருந்த திசையையே பார்த்தார். ராஜாத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு ஜன்னல் திண்டின் மேல் கையை விட்டுத் துழாவினாள். அவள் காலையில் சட்னி தாளிக்கும் சின்ன எவர்சில்வர் கிண்ணம் அங்கே இருந்தது. மண்ணெண்ணெயில் நட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன.

"கிண்ணத்தக் காணோம்னு நேத்தெல்லாம் கேட்டேன். நான் எடுக்கலன்னாரு" என்று விமல்ராஜிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிரேக் டிரம்மை மாட்டினார்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்து நட்டுகளை முடுக்கினார்கள். கட்டைகளை உருவி ஜாக்கியை இறக்கியதும், கார் ஒரு பெருமூச்சுபோல ஸ்பிரிங் அமுங்கி நான்கு காலிலும் நின்றது.

"சிலிண்டர மாட்டி எண்ணெ ஊத்தறதுக்கு நேரமாவும் ஆன்ட்டி. கால் பிரேக் சுத்தமா கெடையாது. தெருவும் எறக்கமா இருக்கு. நான் ஸ்டீரிங்ல ஒக்காந்துக்கறேன், மத்தவங்க பின்னால தள்ளட்டும்" என்று விமல்ராஜ் கதவைத் திறந்து ஏறினான்.

"நீ எறங்குப்பா."

"ஆன்ட்டி?"

"தள்ளறதுக்கு ஆள் பத்தாது. எறங்கு, நான் ஒக்காந்துக்கறேன்."

சரசம்மா வாசல் வரை வந்துவிட்டாள். "ஏன்டி, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? புருசன் அங்க படுத்திருக்கான். நீ கார் ஏறி ஒக்காந்தா நாலு பேர் என்னா பேசுவாங்க?"

"பேசட்டும் பெரியம்மா. பேட்டரி எறங்கிப்போன காலைல எல்லாம் அவரு தள்ளுவாரு, நான்தான் திருப்புவேன். இந்தக் கேட்ல ஒரு கோடு விழாம வெளிய எடுக்க எனக்குத்தான் தெரியும்."

அது உண்மை. எஞ்சின் ஓடும்போது அவள் ஒரு நாளும் இந்த வண்டியை ஓட்டியதில்லை. ஓடாதபோது எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறாள். அவர் முன்னாலிருந்து தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டே "ஒடி, ஒடி, போதும்" என்பார். "எனக்குத் தெரியும், நீங்க தள்ளுங்க" என்பாள் இவள்.

புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள். அவர் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருந்த சீட்டில் நுனியில் உட்கார வேண்டியிருந்தது.

"சீட்ட முன்னால தள்ளட்டுமா ஆன்ட்டி?"

"வேணாம். இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

முனிராஜ் ஒரு நிமிடம் தள்ளியே நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து முன் பானெட்டில் கை வைத்தார். அவருக்குப் பக்கத்தில் விமல்ராஜ், நாகேந்திரப்பா, தங்கமணி, எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தபடி இருந்தன. அவள் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தாள்.

"ம். தள்ளுங்க."

மோரிஸ் பின்வாங்கியது. கேட்டின் இரண்டு தூண்களுக்கும் நடுவில் வந்ததும் அவள் ஸ்டீரிங்கைக் கால்வாசி திருப்பி, மறுபடி நேராக்கினாள். பக்கவாட்டுக் கண்ணாடி தூணை உரசாமல் தாண்டியது. பின்சக்கரங்கள் வாசல்படியில் இருந்து தெருவில் இறங்கின. அவள் முழுதாக ஒடித்தாள். கார் வளைந்து, இறக்கத்தைப் பார்த்து மூக்கை வைத்துக்கொண்டு, தானாகவே நகரத் தொடங்கியது. யாரோ கத்தினார்கள். ராஜாத்தி இடது கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தாள். அதன் பல் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். எதிர்வீட்டுச் சுவரோரம் வண்டி நின்றது.

"பெட்டிய எடுங்க" என்றாள்.

எல்லோரும் பெட்டியை நோக்கி ஓடினார்கள். அது கனமான பெட்டி. தள்ளிய அத்தனை பேரும் அதற்குத் தேவைப்பட்டார்கள். கண்ணாடி மூடியில் வானம் ஆடிக்கொண்டே அவள் ஜன்னலைத் தாண்டிப் போனது.

"தங்கமணி, நீளம் பத்துமா? அவரு ஒசரம்."

"தாராளமா பத்தும்மா."

பெட்டி கேட்டுக்குள் நேராகப் போனது, எங்கும் இடிக்கவில்லை. ஆட்கள் அதன் பின்னால் போனார்கள். சக்கரத்துக்கு ஒரு கல்லை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தெருவில் அவளும் காரும் மட்டும் இருந்தார்கள். கையை விட்டால் வண்டி மெயின் ரோடு வரை உருண்டுபோகும்.

உள்ளே மரச் சாமான்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. "கால் பக்கம் புடி. மெதுவா, மெதுவா" என்றது முனிராஜின் குரல். பிறகு பெண்களின் அழுகை ஒன்றாகச் சேர்ந்து எழுந்தது. அவரைத் தூக்குகிறார்கள். ராஜாத்தி லீவரை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்தாள்.

நாகேந்திரப்பாதான் முதலில் நினைவு வந்து வெளியே ஓடி வந்தார். வேட்டி முட்டியில் கறுத்திருந்தது. "ஐயோ அம்மா, கல்லு வெக்கலியே" என்று சுற்றுமுற்றும் தேடினார். தெருவில் கல் எதுவும் இல்லை.

"நிதானமா தேடுங்க. நான் புடிச்சிருக்கேன்."

பின்னால் ஒரு பால் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. வழி போதுமா என்று தெரியாமல் மறுபடியும் அடித்தது. ராஜாத்தி இடது கையை லீவரில் இருந்து எடுக்காமல், வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்க, போ, போ என்று வழி காட்டினாள்.